தடிக் கம்பிக்கு முன்னால் ஒரு நொடி

"உன் கிடார் கேக்கவே இல்லடி தில்லை."

"கேக்கலையா? எனக்கு முழங்கால் எலும்பு வரைக்கும் ஆடுது!"

"உன் முழங்காலுக்குக் கேக்குது. எங்க காதுக்குக் கேக்கல. கெயினை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

ஆக்னெஸ் இதை அக்கறையோடுதான் சொன்னாள். அந்த அக்கறைதான் தில்லைநாயகிக்கு ஆகாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். அக்கறையை என்ன செய்வது? குனிந்து கெயின் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள். கிடாரின் சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கும் குமிழ் அது. ஏற்கெனவே கிழிந்திருந்தது இன்னும் நாராகக் கிழிந்தது. மறுபடி வாசித்தார்கள். ஆக்னெஸின் கிடார் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. தில்லையின் கிடார் டிரம்ஸில் ரத்னா அடித்த சிம்பல் தட்டின் ஓசைக்குப் பின்னால் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

பெரம்பூரில் ரத்னாவின் மாமனாருடைய மாவு மில்லுக்கு மேல்மாடிதான் 'ஊழித்தீ' மெட்டல் இசைக்குழுவின் ஒத்திகை இடம். கீழே அரைவை, மேலே இடி. அக்கம்பக்கத்தார் எதைக் குறை சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார்கள். மூவருமே நாற்பதைத் தாண்டிய பெண்கள். தில்லைக்கு மாநகராட்சி வரி அலுவலகத்தில் வேலை, ஆக்னெஸ் மழலையர் பள்ளி ஆசிரியை, டிரம்ஸ் வாசிக்கும் ரத்னாவுக்கு மில். நாலாவதாக ஒருத்தி இருந்தாள். பாஸ் கிடார் வாசித்தவள். கல்யாணமாகி கனடா போகும்போது கையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கை என்றால் கை அச்சு. உலகத்தில் இதுவரை யாரோ செய்த ஆம்ப்ளிஃபையர், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்ற யாரோ செய்த பெடல் எல்லாமே டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு அச்சுப்பெட்டிக்குள் அடங்கிப்போன காலம் அது. ஆம்பை நகலெடுத்து முடித்ததும் அந்தப் பெட்டி மனிதர்களின் கையை நகலெடுக்க ஆரம்பித்தது. கனடாக்காரி இப்போதும் தன் சம்மதத்தோடு மூலையிலிருந்து பாஸ் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகைக்கு ஒருநாள்கூட தாமதமாக வந்ததில்லை.

ஆக்னெஸிடம் மட்டும் பெட்டி கிடையாது. மாமா விட்டுப்போன பழைய வால்வு ஆம்ப் ஒன்று, ஆட்டுக்கல் கனத்தில். "யாரும் தொடாதீங்கப்பா, வால்வு உடைஞ்சா இப்ப கிடைக்காது" என்று அதை யாரும் நகர்த்தக்கூட விடமாட்டாள்.

ரத்னா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். "ஆக்னெஸ், தடிக் கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நொடி விடுறே பாரு. அந்த இடத்துல எனக்குக் குச்சி கையில நிக்கறதில்ல. பாம்பு படம் எடுத்து நிக்கற மாதிரி. அப்புறம் போடறே பாரு போடு!"

"அது ஒண்ணுமில்ல, விடு" என்றாள் ஆக்னெஸ்.

"ஒண்ணுமில்லையாமே. கம்பெனிக்காரங்க பதிவைக் கேட்டுட்டு அதைத்தான் கேட்டாங்களாம்."

நாதக்கூடம் என்ற கம்பெனியிலிருந்து மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. குழுவில் ஒரே ஒரு கிடார் கையை எடுத்துத் தங்கள் பெட்டிகளில் போடப்போகிறார்கள். பிரேசிலில் ஒரு பையன் பெட்டியைத் திறந்தால் அந்தக் கை இருக்கும். நார்வேயில் ஒரு கிழவி திறந்தாலும் இருக்கும். யாருடைய கை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் தில்லைக்குப் பொறுக்கவில்லை. 'நீயா, ஆக்னெஸா' என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம் அல்லவா?

வீட்டில் தில்லையின் சத்தம் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் மலை பிளப்பது போலிருக்கும். அதன் ரகசியம் அவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஆம்பில் மூன்று குமிழ்கள்: அடிக்குரலுக்குப் பாஸ், உச்சிக்கு ட்ரெபிள், நடுக்குரலுக்கு மிட். பாஸையும் ட்ரெபிளையும் முழுசாக ஏற்றி, மிட்டைப் பூஜ்யத்தில் வைத்தால் அடியும் உச்சியும் தனித்தனியாகப் பிரிந்து பளபளக்கும். பதினேழு வயதில் அதற்குப் பெயர்தான் மெட்டல் என்று முடிவுகட்டியவள், இன்றுவரை அந்த மிட் குமிழைத் தொட்டதில்லை.

போன மாதம் ஆக்னெஸின் ஆம்ப் அச்சை வாங்கினாள். அவள் பெடலின் அச்சையும் வாங்கினாள். அதே மாதிரிக் கம்பி, அதே தடிமனில் கம்பி மீட்டும் பிளெக்ட்ரம். வீட்டில் கேட்டால் புயல். மில்லுக்குப் போனால் கொசு.

ரிச்சி தெரு முபாரக் பாய் கடையில் போய் நின்றாள்.

"பாய், நீங்க குடுத்த ஆம்ப் அச்சு சரியில்ல. ஆக்னெஸ் மாதிரி வரல."

"ஆம்ப் அவங்க ஆம்ப்தான் மேடம். பெடல் அவங்க பெடல்தான்." பாய் தன் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினான். "இது யாருது?"

தில்லை தன் விரல்களைக் குனிந்து பார்த்தாள்.

அவன் கண்ணாடிக்கடியிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு மின்னணுச் சில்லை எடுத்து வைத்தான். "இது கை அச்சு எடுக்கற சில்லு. மணிக்கட்டுப் பட்டையில தெச்சாலும் சரி, கிடார் வார்ல தெச்சாலும் சரி. நாலு ஒத்திகை வாசிச்சா கையை அப்படியே படிச்சு உங்க பெட்டிக்கு அனுப்பிடும். எவ்ளோ அழுத்தம், எங்க விரலை எடுக்கறாங்க, எங்க கம்பியை அமுக்கறாங்க, எல்லாம். அப்புறம் யார் வாசிச்சாலும் பெட்டி அந்தக் கையா மாத்தி வெளியே விடும்."

"எப்படி வாசிச்சாலுமா?"

"எப்படி வாசிச்சாலும். ஒண்ணே ஒண்ணுதான் அதால முடியாது. நீங்க தொடறதுக்கு முன்னாடி அது வாசிக்காது. பெட்டிக்கு ஜோசியம் தெரியாது பாருங்க." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டான். "ஆனா அடுத்தவங்க கைன்னா அவங்க வாயால சம்மதம் சொல்லணும். இல்லன்னா உங்களுக்கும் ஜெயிலு, எனக்கும் ஜெயிலு."

"என் கையைத்தான் எடுக்கப்போறேன். ஒரு ஞாபகத்துக்கு."

"எல்லாரும் ஞாபகத்துக்குன்னுதான் சொல்றாங்க. பெரம்பூருக்கு ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு, அதுவும் ஞாபகத்துக்குத்தான்."

தில்லையின் காதில் அது விழவில்லை. அவள் கண் சில்லின் மேலேயே இருந்தது.

ஆக்னெஸின் பிறந்தநாள் அந்த வாரமே வந்தது. தில்லை கறுப்புத் துணியில் பட்டை தைத்து, மேலே வெள்ளை நூலில் ஒரு மண்டையோடு போட்டாள். மண்டையோட்டின் நெற்றிக்குள் சில்லு. வேர்வை துடைக்க மெட்டல்காரர்கள் எல்லாரும் கட்டுவதுதான், யாருக்கும் சந்தேகம் வராது.

"நீயே தெச்சியாடி?"

"பின்ன? கடையில வாங்கினா இப்படிக் கோணலாவா இருக்கும்?"

ஆக்னெஸ் மண்டையோட்டை விரலால் தடவினாள். நெற்றியில் விரல் சற்று நின்றது. பிறகு பட்டையை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, "நீ எனக்குன்னு உக்காந்து ஒண்ணு செஞ்சு எத்தனை வருஷமாச்சு" என்றாள்.

"ஏன், நீ குடுத்த வாரைத்தான் ரெண்டு வருஷமா தோள்ல மாட்டிட்டுத் திரியறேன். பதிலுக்கு ஒண்ணு செய்ய வேணாமா?"

"கணக்கு தீர்ந்துச்சுன்னு சொல்லு."

"தீர்ந்துச்சு."

ஆக்னெஸ் சிரித்தாள். தில்லையும் சிரித்தாள். கீழே ராகி அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது ஒத்திகைக்கு மறுநாள் தில்லை அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். மதியம் பெட்டியைத் திறந்தால், அச்சு தயார் என்று பச்சை விளக்கு. கிடாரை மாட்டி, ஆக்னெஸின் கையைத் தேர்ந்தெடுத்து, முதல் அடியைப் போட்டாள்.

சத்தம் பிந்தி வந்தது.

மறுபடி போட்டாள். மறுபடி பிந்தியது. ஒவ்வொரு கம்பியும் கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஒலிப்பது போலிருந்தது. அழுத்தம் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் இல்லவே இல்லை. அமுக்க வேண்டிய கம்பிகள் அலைந்துகொண்டு ஊளையிட்டன. தடிக் கம்பிக்குப் போகும்போது மட்டும் ஒரு தயக்கம். இருட்டில் படி இறங்குகிறவள் காலால் துழாவுவது போல.

"இது அவ கை இல்ல" என்று சத்தமாகவே சொன்னாள். வெறும் அறையில் அவள் குரல் அவளுக்கே பரிதாபமாகக் கேட்டது. திருடியும் கிடைக்காமல் போவதைவிடக் கேவலம் உண்டா?

தோளிலிருந்து கிடாரைக்கூடக் கழற்றாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனாள்.

"சில்லு பழுது பாய்."

பாய் தன் மேசையில் பெட்டியைப் பொருத்தி ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். "சில்லு பழுதில்ல. கை பழுது. இது உங்க கையா?"

"...ஆமா."

"இல்ல. உங்களை இந்தக் கடையில வாசிச்சுப் பாத்திருக்கேன். உங்க கை கத்தி. இது பயந்த கை." அவன் நிமிர்ந்தான். "யாரோடதுன்னு நான் கேக்கல. கேட்டா எனக்கும் தெரிஞ்சதா ஆயிடும். ஆனா இந்தக் கை உள்ளவங்க நல்லா வாசிக்கறாங்கன்னு நீங்க நினைச்சா, அவங்க ஆம்புக்குள்ள பெட்டி இருக்கு. வேற யாரோ கை அதுல வாசிக்குது."

ஆம்பை யாரும் தொடாதீங்கப்பா.

"யாரோட கை பாய்?"

பாய் தில்லையின் தோளையே பார்த்தான். "அந்த வார் நல்லாருக்கு மேடம். யார் குடுத்தது?"

"ஆக்னெஸ்." சொல்லும்போதே அவள் கை தானாக வாரின் மேல் போனது. இரண்டு வருடமாகத் தோளில் கிடக்கிற தோல் வார். எலும்பு உரசும் இடத்தில் ஒரு சின்னத் திரட்சி. தையல் முடிச்சு என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். புளியங்கொட்டை அளவு.

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளருக்கு வயர் காட்டப் போய்விட்டான். திரும்பி வந்தபோது தில்லை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பயந்த கையை அணைச்சுட்டு, சும்மா உங்க கையில அந்த ஆம்ப் அச்சுல ஒண்ணு போடுங்க. இருங்க, மிட் எதுக்குப் பூஜ்யத்துல கிடக்கு?"

"அதுதான் மெட்டல்."

"யார் சொன்னா? வீட்ல தனியா வாசிச்சா நல்லாத்தான் இருக்கும். குழுவுல அடிக்குரலை பாஸ் கிடார் எடுத்துக்கும், உச்சியை சிம்பல் எடுத்துக்கும். கிடாருக்குன்னு இருக்கற வீடே நடுவுலதான். அதை இடிச்சுட்டு, கெயினையும் இவ்ளோ ஏத்தினா நீங்க எங்க போய் நிப்பீங்க? ஒத்திகையில யாரும் சொல்லலையா?"

"கெயினை ஏத்தச் சொன்னா."

"யாரு?"

அவனே கெயினை இறக்கி, மிட்டைப் பாதிக்கு மேல் ஏற்றினான். தில்லை வாசித்தாள்.

கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவன் நின்று திரும்பிப் பார்த்தான். அது ஆக்னெஸின் சத்தம். இரண்டு வருடமாக எதைக் கேட்டு வயிறெரிந்தாளோ அதே சத்தம் அவள் விரலிலிருந்து வந்துகொண்டிருந்தது. தன் குரலையே முதல்முறை பதிவில் கேட்டால் யாரோ மாதிரி இருக்குமே, அப்படி யாரோவாக இத்தனை நாள் அது மேடையின் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறது. தன்னைப் பார்த்துத்தான் தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் சிரிப்பு வரவேண்டும். தில்லைக்கு வரவில்லை. இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது.

அன்று மில்லில் மிளகாய் அரைக்கும் நாள். அந்த நாளில் ஒத்திகை கிடையாது. மேலே யாரும் நிற்க முடியாது. அதனால்தான் தில்லை ஆக்னெஸை அங்கே வரச்சொன்னாள்.

ஆக்னெஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தாள். தில்லை வால்வு ஆம்பின் பின்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி.

ஆக்னெஸ் அதைப் பார்த்தாள். ஓடவும் இல்லை, அழவும் இல்லை. கோதுமை மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துடி?"

"வார் குடுத்ததிலேர்ந்து."

"ஏன்?"

"ஏன்னா என்ன சொல்றது? நாம ஸ்கூல் படிக்கறப்ப ஆண்டுவிழால நீ வாசிச்சே. நான் பக்கத்துல நின்னேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. உன் கை கேக்காமயே போய் எடுத்துக்கும். என் கை ஒவ்வொண்ணுக்கும் கதவைத் தட்டும்." இருமினாள். "இருபத்தஞ்சு வருஷம் பக்கத்துலயே நின்னா யாருக்குத்தான் பொறுக்கும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

தில்லை யோசித்தாள். "மாட்டேன்."

"பின்ன?"

"அது போகட்டும். மிட் பூஜ்யத்துல இருந்தா என் கிடார் யாருக்கும் கேக்காதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"கெயினை ஏத்துன்னு சொன்னே!"

"ஆமா, சொன்னேன். ஏத்தினா இன்னும் அமுங்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டு கையும் ஒரே மாதிரி ஒரே மேடையில கேட்டா, யார் யாரோட கைன்னு ரத்னாவுக்கே தெரிஞ்சுடாதா?"

"பாவி."

"நீ?" ஆக்னெஸ் மணிக்கட்டை நீட்டினாள். கோணல் மண்டையோடு அவளைப் பார்த்து இளித்தது. "இதை எதுக்குத் தெச்சுக் குடுத்தே? நெத்தியில கை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சுடி. இதே சில்லை நான் தெச்சிருக்கேனே."

தில்லைக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகாய் என்று இருவரும் சொல்லிக்கொள்ளலாம்.

"தெரிஞ்சும் போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டேன். தில்லைநாயகி என் கையைத் திருடற அளவுக்கு ஆசைப்படறாளேன்னு... அதைக் கழட்ட மனசு வரலடி. பொய்க் கைதான். இருந்தாலும்."

கீழே மில் நின்றது. யாரோ மிளகாயை அள்ளிக் கொட்டும் சத்தம். மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஞாயித்துக்கிழமை என்ன செய்யறதா இருந்தே?"

"ஆம்புல வர்ற சத்தத்தைத்தான் எடுப்பாங்கன்னு நெனச்சேன். நேத்துதான் போன் பண்ணிச் சொன்னாங்க, வெறும் மணிக்கட்டுல அவங்களே கட்டி எடுப்பாங்களாம். பெட்டி இல்லாம வாசிச்சு ரெண்டு வருஷமாச்சு. தட்டிக்கிட்டிருந்த கதவும் இப்ப எங்க இருக்குன்னு தெரியல." அவள் தில்லையை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிடுவியா?"

"நான் ஏன் சொல்லணும்? அவங்களே கண்டுபிடிப்பாங்க. நான் வந்து முதல் வரிசையில உக்காந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். படியில் இறங்கும்போது அந்த வாக்கியம் இனித்தது. தெருமுனை போவதற்குள் தொண்டையில் மிளகாய் மட்டும்தான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கம்பெனிப் பெண்ணின் பெயர் இளவேனில். வெள்ளைச் சட்டை; மாவு படிந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். ரத்னா மாமனாரிடம் கெஞ்சி அரைவையை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஆக்னெஸ் மேடம், ஆரம்பிக்கலாமா?"

ஆக்னெஸ் எழுந்தாள். ஆம்பின் பக்கம் அவள் போகவில்லை. கிடாரைக்கூடக் கொண்டுவரவில்லை. "நான் இல்லைங்க. தில்லைதான்" என்றாள்.

"இன்னாடி இது?" என்றாள் ரத்னா. "காய்ச்சலா?"

"கை சரியில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். தில்லையின் கண்ணை அவள் பார்க்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல் செய்துவிட்டாளே என்று தில்லைக்கு அதற்கும் ஆத்திரம் வந்தது.

இளவேனில் தில்லையின் மணிக்கட்டில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டினாள். தில்லை குனிந்து பதினேழு வயதிலிருந்து தொடாத குமிழைத் திருப்பினாள். கெயினைக் குறைத்தாள். ரத்னா ஆரம்பித்தாள், கனடாக்காரியின் கை மூலையிலிருந்து சேர்ந்துகொண்டது, தில்லை அடித்தாள்.

ரத்னாவின் வாய் திறந்தது. வாசித்துக்கொண்டே ஆக்னெஸைத் திரும்பிப் பார்த்தாள், அவள் கை காலியாக மடியில் கிடப்பதைப் பார்த்தாள், மறுபடி தில்லையைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும், "அடிப்பாவி, இத்தனை நாள் எங்கடி வெச்சிருந்தே இதை?" என்றாள்.

தில்லை பதில் சொல்வதற்குள் இளவேனில் கைதட்டினாள். "அருமை. பதிவுல கேட்டது அப்படியே இருக்கு. உங்க கையையே எடுத்துக்கறோம்." திரையைப் பார்த்தாள், புருவம் சுருங்கியது. "ஆனா ஒண்ணு மட்டும் காணோமே. தடிக் கம்பிக்கு முன்னாடி ஒரு தயக்கம் இருந்ததே? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் புல்லரிச்சது அந்த இடம்தான். அதை ஒரு தடவை செய்யுங்க."

தில்லை செய்தாள். ஒரு நொடி நிறுத்திவிட்டு அடித்தாள்.

"இல்ல. இது எண்ணி நிறுத்தற மாதிரி இருக்கு."

இன்னொரு தடவை. அதற்கு மேலும் ஒரு தடவை. கேட்காமலே போய் எடுத்துக்கொள்ளும் கை. கதவு தட்ட அதற்குத் தெரியவில்லை. தட்டுவது போல நடித்தால் நடிப்பாகவே கேட்டது.

பாய் சொன்னது அப்போதுதான் நினைவில் ஏறியது: தொடறதுக்கு முன்னாடி பெட்டி வாசிக்காது. எல்லாவற்றையும் தில்லையின் கையாக மாற்றிய பெட்டி அந்த ஒரு நொடியை மட்டும் மாற்ற முடியாமல் விட்டிருக்கிறது. ஊர் புல்லரித்தது அந்த நொடிக்கு. பாம்பு படம் எடுத்தது அந்த நொடியில். மீதி எல்லாம் அவளுடையதுதான், மொத்தப் பாட்டும் அவளுடையதுதான். அந்த நொடி ஒன்றுதான் ஆக்னெஸினுடையது.

அதுவும் தனக்கு வேண்டும் போலிருந்தது தில்லைக்கு.

"பதிவுல அந்தத் தயக்கம் யாரோடது?" என்றாள் இளவேனில்.

'என்னோடதுதான், இன்னிக்கு வரல' என்பது நாக்கு நுனியில் இருந்தது. 'அது பதிவுல வந்த பிழை' என்பது அதற்குப் பின்னால் நின்றது. எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. ஆக்னெஸ் தலையைக் குனிந்து மாவுத் தரையில் கட்டைவிரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் இன்னும் அந்தக் கோணல் மண்டையோடு இருந்தது.

"அவளோடது" என்றாள் தில்லை. அரிசியில் கல் கடித்தது போல் பல் கூசியது.

இளவேனில் திரும்பினாள். "அப்படின்னா நீங்க ஒரு தடவை வாசிக்க முடியுமா மேடம்? அந்த ஒரு இடம் மட்டும்?"

"எனக்கு வராதுங்க."

"வாடி" என்றாள் தில்லை. வாரைத் தோளிலிருந்து கழற்றி, கிடாரோடு நீட்டினாள்.

ஆக்னெஸ் எழுந்து வந்தாள். கம்பெனிப் பட்டை கட்டுவதற்காக மண்டையோட்டைக் கழற்றித் தில்லையின் கையில் கொடுத்தாள். வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. வாரை மாட்டிக்கொண்டாள்.

"நடுவுல எவ்வளவு வெச்சிருக்கே?" என்று வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

தில்லை ஆம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். விரல் மிட் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் திருகினால் பூஜ்யம். அந்த நொடியும் அதற்குப் பின் வரும் அடியும் சிம்பலுக்குள் போய் அமுங்கிவிடும், ஒருத்திக்கும் ஏன் என்று தெரியாது, ஆக்னெஸைத் தவிர. அவளும் வாய் திறக்கமாட்டாள். இரண்டு வருடம் அவள் தனக்குச் செய்தது அதைத்தானே?

தில்லை அந்தப் பக்கம் திருகினாள். தனக்கு வைத்ததைவிட இன்னும் கொஞ்சம் கூடவே வைத்தாள். மனசு இளகியெல்லாம் வைக்கவில்லை. வயிறு எரிய எரியத்தான் வைத்தாள்.

"இருக்கு. வாசி."

ரத்னா குச்சியைத் தட்டி ஆரம்பித்தாள். ஆக்னெஸின் வெறும் கை தட்டுத்தடுமாறி, ஒன்றிரண்டு இடத்தில் தவறி, ஒவ்வொரு கம்பியாகக் கேட்டுக் கேட்டுப் போய், தடிக் கம்பிக்கு முன்னால் வந்து நின்றது.

நின்றது.

ரத்னாவின் குச்சி காற்றில் நின்றது. இளவேனில் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஈர மண்டையோட்டைக் கைக்குள் பிசைந்துகொண்டு, தில்லை மூச்சைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். உடம்பு முழுக்கப் புல்லரித்தது. அந்த நொடி முடியக்கூடாது என்று இருந்தது அவளுக்கு. அது ஆக்னெஸிடம் இருக்கவும் கூடாது என்று இருந்தது.